தளர்ந்த கயிறு

"கயிறு தொங்கிக்கிட்டு இருக்கணும், அவ்வளவுதான். நீங்க வேற ஒண்ணும் செய்ய வேண்டாம்" என்று சொல்லிவிட்டுத் தங்கபுஷ்பம் உள்ளறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தாழ்ப்பாள் விழும் சத்தத்துக்காகப் பலவேசம் காத்திருந்தான். விழவில்லை. கல்யாணம் முடிந்து அவள் இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அந்தக் கதவு சாத்தினால் கூடவே தாழும் விழும், விழுந்ததா என்று இந்தப் பக்கம் இவன் ஒரு தரம் தள்ளிப் பார்ப்பான், அந்தப் பக்கம் அவள் ஒரு தரம் இழுத்துப் பார்ப்பாள். அப்படியொரு கல்யாணம். இன்றைக்குத் தாழ் விழவில்லையென்றால் இன்றைக்குத் திறக்கப் போகிறாள். காலையில் சோறு போடும்போதே சொன்னாள்தான், இருந்தாலும் வாயால் சொல்வது வேறு, தாழ்ப்பாள் விழாமல் இருப்பதைக் காதால் கேட்பது வேறு. ஹால் சுவரில் முதுகைச் சாய்த்துக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். இடது தொடையை ஒட்டி வருக்கி படுத்திருந்தது, தவிட்டு நிறத்து நாட்டுநாய், முன்னங்கால்களை நீட்டி, மூக்கைக் கதவின் அடி இடுக்குக்கு நேரே வைத்துக்கொண்டு. அதன் கழுத்துப்பட்டையில் கட்டிய பருத்திக் கயிற்றின் மறுமுனை இவன் உள்ளங்கையில் இருந்தது. நடுவில் கயிறு தரையோடு வளைந்து கிடந்தது. வளைந்து கிடக்கிற வரைக்கும் ஒன்றுமில்லை. நேராகிவிட்டால்? நேராகாது. நேராகாது என்று யார் சொன்னது, நாயா எழுதிக் கொடுத்திருக்கிறது? உள்ளங்கை வேர்த்தது. ராத்திரி முழுக்க ரொட்டி அடுப்பின் முன்னால் நின்ற கை, அங்கே வேர்த்தால் அது சூடு, இங்கே மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து வேர்த்தால் அது என்ன? வேட்டியில் துடைக்கலாம் என்று கையை நகர்த்தினான். நாயின் காது ஒன்று இந்தப் பக்கம் திரும்பியது. கையை அப்படியே வைத்துக்கொண்டான். உங்க பயம் கயித்து வழியாத்தான் அதுக்குப் போகும், கரண்டு மாதிரி, என்று அவள் முந்தாநாள் சொன்னது ஞாபகம் வந்தது. அப்படியானால் இப்போது போய்க்கொண்டிருக்குமா? பயப்படாதே என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டால் அந்தச் சொல்லும் கயிற்றில் போகுமா, இல்லை பயம் மட்டும்தான் போகுமா?

பூனை அவள் கொண்டு வந்தது, நாய் இவனோடு இருந்தது. ஐம்பதைத் தாண்டின இரண்டு பேர் கட்டிக்கொண்டால் சீர்வரிசை இப்படித்தான் வரும் என்று ரொட்டிக்கடை முதலாளி கேலி செய்தார். இவன் ஒன்றையும் மறைக்கவில்லை. பெண் பார்க்கப் போன அன்றைக்கு, அவளுடைய அண்ணன் காப்பி வாங்கத் தெருமுனைக்குப் போயிருந்த நேரத்தில், என்ன பேசுவதென்று தெரியாமல், "எங்கிட்ட ஒரு நாய் இருக்கு. முன்ன ஒரு பூனைக்குட்டியக் கடிச்சுக் கொன்னிருக்கு" என்று சொல்லிவிட்டான். பெண் பார்க்கப் போன இடத்தில் பேசுகிற பேச்சா அது. சொன்ன பிறகுதான் அவள் மடியில் பூனை இருப்பதைப் பார்த்தான். சாம்பலும் கறுப்புமாகப் பட்டை பட்டையாக, ஒரு காது நுனி கிழிந்து, இவனுடைய மனுவை வாங்கி வைத்துக்கொண்டு நாளைக்கு வா என்று சொல்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தது. அவள் அதன் கழுத்தைச் சொறிந்துகொண்டே, தலையைக்கூட நிமிர்த்தாமல், "நாச்சியார் ரெண்டு நாயோட மூக்கக் கிழிச்சிருக்கா. பாத்துக்கிடலாம்" என்றாள். பாத்துக்கிடலாம். இந்த வயதில் இன்னொருத்தி வாயிலிருந்து அப்படியொரு சொல் வரும் என்று இவன் நினைத்திருக்கவில்லை. இவன் வாழ்நாள் முழுவதும் எதையும் பாத்துக்கிடலாம் என்று சொன்னதில்லை, என்ன ஆகுமோ என்றுதான் சொல்லியிருக்கிறான், மாவு புளிக்குமோ புளிக்காதோ, அடுப்பு அணையுமோ, ஆள் வருமோ வராதோ. அந்த ஒரு சொல்லுக்காகத்தான் கட்டிக்கொண்டான் என்றால் ஆட்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். ஆனால் முதல் நாள் பூனைக் கூடையைத் திறந்தபோது அந்தச் சொல் எங்கே போனது? இதே ஹால், இதே தரை. இவன்தான் திறந்தான், அவள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வருவதற்குள், ரெண்டும் ஒண்ணையொண்ணு பாத்துக்கிடட்டுமே என்று ஒரு நல்லெண்ணத்தில். பாத்துக்கிட்டது. வருக்கி ஒரே பாய்ச்சல், கூடை உருண்டது, நாச்சியார் ஏறுவதற்கு வேறொன்றும் இல்லாமல் புதுப்பெண் மேலேயே ஏறித் தோளிலிருந்து பரணுக்குத் தாவியது. பட்டுச்சேலை கிழிந்தது, தோளில் நான்கு கோடு. நாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இவன் தரையில் கிடந்தான், அது இவன் நெஞ்சுக்கு அடியில் எஞ்சின் மாதிரி உறுமிக்கொண்டிருந்தது. அவள் கத்தவில்லை. அழவில்லை. பரணைப் பார்த்து, பிறகு நாயைப் பார்த்து, பிறகு இவனைப் பார்த்தாள், மூன்று பேரையும் ஒரே மாதிரி.

அன்றைக்குச் சாயங்காலம் தோளில் மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டே சொன்னதும் அதே குரலில்தான். "உங்க நாயக் கொண்டு விட்டுட்டு வாங்கன்னு நான் சொல்ல மாட்டேன். நாச்சியார யார்ட்டயும் குடுக்கவும் மாட்டேன். இந்த மாசம் பாப்போம். ஆகலன்னா நான் அவளத் தூக்கிக்கிட்டு எங்க அண்ணன் வீட்டுப் பக்கம் ஒரு ரூம் பாத்துக்கிடுதேன். சண்டையெல்லாம் இல்ல. ஞாயித்துக்கிழம ஞாயித்துக்கிழம வருவேன்." சண்டையெல்லாம் இல்லை என்பதுதான் இவனைக் கொன்றது. சண்டை போட்டிருந்தால் சமாதானத்துக்கு ஒரு வழி இருக்கும், ஞாயிற்றுக்கிழமைக்கு என்ன பதில் சொல்வது, ஞாயிற்றுக்கிழமை வருகிறவள் விருந்தாளி. இன்று ஞாயிறு. மாதமும் முடிகிறது. அண்ணன் வீட்டுப் பக்கம் ஒரு ரூம் காலியாக இருப்பதாகப் போனில் அவள் பேசியதை இவன் கேட்டான், கேட்டதை அவளிடம் சொல்லவில்லை. அவளை எப்படிக் கூப்பிடுவதென்றே இன்னும் பிடிபடவில்லை, இதில் எங்கே சொல்வது. சொர்ணத்தை ஏட்டி என்பான், முதல் பெண்டாட்டியைக் கூப்பிட்ட சொல்லை எடுத்து இன்னொருத்திக்குப் போட முடியுமா, அவள் சேலையை எடுத்துக் கொடுத்த மாதிரி இருக்காதா? நீ என்று சொல்ல நாக்கு வரவில்லை, நீங்க என்றால் முனிசிபல் ஆபீசில் பேசுகிற மாதிரி இருக்கிறது. அதனால் உப்பு இருக்கா, தண்ணி வந்துதா என்று ஆளே இல்லாத கேள்விகளாகக் கேட்டுக்கொண்டு ஒரு மாதத்தை ஓட்டிவிட்டான். நாயும் பூனையுமாவது ஒன்றையொன்று சீறிக் கூப்பிட்டன.

ஆனால் இந்த மாதத்தில் அவள் செய்தது இருக்கிறதே. நினைக்க நினைக்க ஆச்சரியமாகத்தான் இருக்கிறது. மாட்டாஸ்பத்திரி டாக்டரம்மா சொன்னது கொஞ்சம், மிச்சம் அவளே கண்டுபிடித்தது. பால்வாடியில் இத்தனை வருஷம் பிள்ளை பார்த்த கை. "புதுசா வர்ற பிள்ளையக் கொண்டு நடுவுல உக்கார வச்சா மத்ததெல்லாம் கிள்ளி வச்சிரும். வாசப்படியில உக்கார வைக்கணும். சுண்டல் வாசம் உள்ள இழுக்கும். அதுவா எந்திரிச்சு வரணும், நாம தூக்கப்பிடாது" என்றாள். முதலில் கண் கிடையாது, மூக்குதான். ஒரு பழைய துண்டை நாச்சியாரின் கன்னத்திலும் கழுத்திலும் தடவிக் கொண்டுவந்து வருக்கியின் சோற்றுத் தட்டுக்கு அடியில் விரிப்பாள். வருக்கி படுத்த சாக்கை உள்ளே எடுத்துப்போய்ப் பூனையின் பாலுக்கு அடியில். முதல் நாள் வருக்கி பட்டினி கிடந்தது. "கெடக்கட்டும், வீராப்பு" என்றாள். மறுநாள் துண்டை முறைத்துக்கொண்டே தின்றது. பிறகு முறைக்காமல் தின்றது. பிறகு தட்டுகள் நகர்ந்தன. இந்தப் பக்கம் இவன் நாய்த் தட்டைக் கதவை நோக்கி ஒரு சாண் தள்ளுவான், அந்தப் பக்கம் அவள் பூனைத் தட்டை ஒரு சாண் தள்ளுவாள், கடைசியில் ஒரு பலகைக் கதவின் இரண்டு முகத்திலும் இரண்டும் நின்று தின்றன, இரண்டுக்கும் ஒரே தீனி. இவன் வேலை பார்ப்பது மக்ரூன் போடுகிற கடையில், தூத்துக்குடியில் மக்ரூன் போடாத ரொட்டிக்கடை ஏது. அதற்கு முட்டையின் வெள்ளைக்கருதான் வேண்டும், மஞ்சள் மிஞ்சும். அதை வாளியில் ஊற்றிக் கொடுத்துவிடுவார்கள். இத்தனை காலம் வருக்கி மட்டும் தின்ற மஞ்சக்கரு. அவள் அதை வேகவைத்து உதிர்த்து இரண்டாகப் பிரித்தாள். கதவுக்கு இந்தப் பக்கம் நக்கும் சத்தம், அந்தப் பக்கம் நக்கும் சத்தம், நடுவில் கதவைப் பிடித்துக்கொண்டு இவன். ஒருநாள் அந்தச் சத்தத்தினூடே அவள் குரல் கேட்டது, "உங்காளு சாப்பிடுறாரா?" "சாப்பிடுது." "எங்க நாச்சியாரம்மாவும் ஆச்சு." அன்றைக்கு வேலைக்குப் போகும்போது இவன் சைக்கிளில் ஏறாமல் தெருமுனைவரை உருட்டிக்கொண்டே போனான், ஏன் என்று தெரியவில்லை.

பிறகுதான் கண்ணுக்கு விட்டாள். கதவை ஒரு கை அகலம் திறந்து நடுவில் கொசுவலைச் சட்டம் வைத்து. வருக்கி பூனையைப் பார்த்தால் ஒன்றும் கிடையாது. பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பினால் வேகவைத்த ஈரல் ஒரு துண்டு. "பாக்காதன்னு நாய்ட்ட சொல்ல முடியாது. பாத்துட்டுத் திரும்புனா லாபம்னு சொல்லலாம்லா" என்றாள். இப்படி யோசிக்கிற மூளை எங்கே இருந்தது இவ்வளவு நாளும், எந்தத் தெருவில், எந்தப் பால்வாடியில். ஆம்பிள்ளைகள் எத்தனை பேருக்கு இது தெரிந்திருந்தால் எத்தனை வீடு பிழைத்திருக்கும். பூனை நடக்க உயரத்தில் ஒரு ரோடு போட்டாள். கட்டில், தையல் மிஷின், பீரோ, அங்கிருந்து சுவரில் அடித்த இரண்டு பலகை, பரண். ஹாலுக்குள்ளும் அந்த ரோடு வருகிறது, ஆசாரியைக் கூட்டிவந்து கதவு நிலைக்கு மேல் ஓட்டை போட்டு, நாள் வரும்வரை அதை அட்டையால் அடைத்து. "தரை அதுக்கு, ஆகாசம் இவளுக்கு. எதுக்கும் ஓடிப்போறதுக்கு ஒரு வழி இருந்தாத்தான் யாருக்கும் ஒரு வீட்டுல நிக்கத் தோணும்" என்று ஆசாரியிடம் சொன்னாள். ஆசாரி ஆணியை வாயில் வைத்துக்கொண்டு இவனைப் பார்த்தான். இவன் பலகையைப் பார்த்தான். ஓடிப்போவதற்கு ஒரு வழி. அண்ணன் வீட்டுப் பக்கம் ஒரு ரூம்.

வெளியே உப்பு லாரி ஒன்று போனது. ஜன்னல் கம்பி அதிர்ந்து நின்றது. வருக்கி தலையைத் தூக்கி, போய்விட்டதென்று அறிந்து, திரும்பக் கதவிடுக்குக்கே மூக்கைக் கொண்டுபோனது. இவன் கண்ணை ஒரு தரம் அழுத்தி மூடித் திறந்தான். எரிந்தது. மைதா தூசி இமைக்குள் போனால் குளித்தாலும் போகாது. தூங்கக்கூடாது. இன்றைக்கு மட்டும் தூங்கக்கூடாது. ஏன் இந்த நேரத்தை வைத்தாள், சாயங்காலம் வைத்திருக்கலாமே, தூங்கி எழுந்து தெளிவாக இருக்கும்போது? கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் சரி என்றான். வேலையிலிருந்து வந்ததும் நாயைக் கடற்கரை வரைக்கும் நடத்திக் கூட்டிவரச் சொன்னாள், நாய்க்கு அலுப்பு வரட்டும் என்று. நாய்க்கு வந்ததோ என்னவோ, இவனுக்கு வந்தது. திரும்பியதும் வெந்நீர் போட்டு வைத்திருந்தாள், சுடுசோறும் கருவாட்டுக் குழம்பும், இன்னும் கொஞ்சம் இன்னும் கொஞ்சம் என்று. வயிறு முட்ட. தூக்கம் காலிலிருந்து ஏறுகிறது. பகல் தூக்கம் ராத்திரித் தூக்கம் மாதிரி இல்லை, அது தண்ணீருக்குள் போகிற மாதிரி, மேலே ஊர்ச் சத்தமெல்லாம் மிதந்துகொண்டிருக்கும், அடியில் ஒன்றும் கேட்காது. ஒன்றும் கேட்காது. அதுதான். சொர்ணம் அடுப்படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபோது இவன் இதே ஹாலில் இப்படித்தான் தூங்கிக்கொண்டிருந்தான். பதறி எழுப்பப் போன பக்கத்து வீட்டுப் பொம்பளையைச் சொர்ணம்தான் கையைப் பிடித்து நிறுத்தினாளாம். அவுக ராமுழுக்க வேலை செஞ்சிட்டு இப்பத்தான் படுத்தாக, எழுப்பாத, செத்தக் கழிச்சுச் சரியாப் போவும். சரியாகப் போகவில்லை. எழுந்தபோது வீட்டில் ஆட்கள் நிறைய இருந்தார்கள், யாரும் இவனைப் பார்க்கவில்லை. பதினைந்தடி. ஹாலுக்கும் அடுப்படிக்கும் பதினைந்தடி இருக்குமா? ஒரு சத்தம். ஒரே ஒரு ஏங்க, இல்லை ஒரு பாத்திரத்தையாவது தள்ளிவிட்டிருக்கலாம். பிரியம்தான். பிரியமில்லாமல் அப்படிச் செய்வார்களா? அப்படிப்பட்ட பிரியத்தை யார் கேட்டது. அதற்குப் பிறகு பகலில் படுத்தால் கதவு, ஜன்னல், அடுப்படி எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுத்தான் படுப்பான், பார்த்து என்ன, படுத்த பிறகு ஆள் கிடையாது. தூங்குகிறவன் வீட்டில் இருந்தாலும் இல்லாதவன்தான். நாயைக் கொண்டுவந்ததே அதற்காகத்தான் என்று இப்போது தோன்றுகிறது. கடைப் பின்பக்கம் கருகின வருக்கி பிஸ்கட்டைத் தின்றுகொண்டிருந்து அதனாலேயே அந்தப் பேர் வாங்கின குட்டியைத் தூக்கி வந்தது இரக்கத்தில் என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறான். இரக்கமில்லை, தான் இல்லாத நேரத்தில் வீட்டில் யாராவது இருக்கட்டும் என்றுதான்.

கதவு திறந்தது. எப்படித் திறந்தாள், கீல் சத்தமே இல்லை, எண்ணெய் போட்டிருக்கிறாள், எப்போது போட்டாள். முதலில் அவள் வந்தாள். வந்து பக்கத்தில் வராமல், பேசாமல், நடு ஹாலில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள், மடியில் ஒரு தலையணை. சும்மா கீரை ஆய உட்கார்ந்த மாதிரி. இவனைப் பார்க்கவில்லை, நாயையும் பார்க்கவில்லை. பிறகு நாச்சியார். மேல் ரோட்டில் வரும் என்று பலகையையே பார்த்துக்கொண்டிருந்தான், அது கீழே, தரையில், நிலைப்படியைத் தாண்டி வந்தது. ஒரு கால் வைத்து நிறுத்தி, அடுத்த கால். என்ன நடை அது. பயப்படுகிறது, வால் மயிர் குத்திட்டு நிற்கிறது, ஆனாலும் பயத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்கிறது, பயத்தை முன்னால் விட்டு அது பின்னால் போகவில்லை. இவனுக்கு அப்படி ஒரு நாளும் வந்ததில்லை. கயிறு. கயிற்றைப் பார்த்தான். வளைந்துதான் கிடந்தது, ஆனால் வளைவு குறைந்த மாதிரி இருந்தது. வருக்கியின் முதுகுத்தோல் ஓரிடத்தில் துடித்தது. பூனைக்குட்டியைக் கவ்வின அன்றைக்கும் முதலில் அங்கேதான் துடித்தது. இழுக்கவா? இழுக்கக்கூடாது. இழுத்தால் சண்டை என்று அதற்கு அர்த்தம். மூச்சு விடு. நீளமாக விடு, உங்க மூச்ச வச்சுத்தான் அது முடிவு பண்ணும் என்றாளே, விடு. விட்டான். மாவில் கை வைத்து அழுத்தினால் மெதுவாக மேலே எழும்புமே, அந்த வேகத்தில் ஒரு மூச்சு. இன்னொன்று. நாச்சியார் உட்கார்ந்தது. கதவுக்கும் அவளுக்கும் நடுவில் உட்கார்ந்து, பாதத்தைத் தூக்கி, நக்காமல், தூக்கியபடியே வைத்திருந்தது. மின்விசிறி கிறிச் என்று ஒரு சுற்றுக்கு ஒரு தரம். கிறிச். ஜன்னல் வெயில் தரையில் கட்டம் கட்டமாக, தட்டில் அடுக்கிய பன் மாதிரி, ஒவ்வொன்றும் உப்பி, இன்னும் வேகவில்லை, திருப்ப வேண்டாம், திருப்பினால் அமுங்கும், வெள்ளைக்கரு அடித்துக்கொண்டே இருக்கிறது மிஷின், வெள்ளையாக, மேலே மேலே, யாரோ துண்டால் கன்னத்தைத் துடைக்கிறார்கள், மூக்குதான் முதலில், கண் அப்புறம், தட்டைத் தள்ளு, ஒரு சாண் தள்ளு, கதவுக்கு அந்தப் பக்கம் சொர்ணம் சாப்பிட்டாச்சா என்று கேட்கிறாள், சாப்பிடுது என்று சொல்ல வேண்டும், வாய் நிறைய மைதா, கயிறு, கயிறு எங்கே, தொங்கட்டும், தொங்கணும் என்றுதானே, தண்ணீர் மேலே மூடிக்கொண்டது, சத்தமெல்லாம் தூரத்தில், கிறிச்.

பிறகு கை வெறுமையாக இருந்தது. அதுதான் முதலில் தெரிந்தது, கண் திறக்கும் முன்னாலேயே. உள்ளங்கையில் கயிறு இல்லை. வெயில் கட்டம் தரையிலிருந்து நகர்ந்து சுவருக்குப் போயிருந்தது, இத்தனை நேரமா, இத்தனை நேரமா. எழப் பார்த்தான். "அசையாதீங்க" என்றது அவள் குரல், தாழ்வாக, நடு ஹாலிலிருந்தே. கண்ணை மட்டும் கீழே இறக்கினான். வருக்கி இவன் முழங்காலை ஒட்டி முதுகை வைத்துப் படுத்திருந்தது, கண் திறந்து. மூக்கின் மேல் சின்னதாக ஒரு கீறல், அதில் கடுகளவு ரத்தம் காய்ந்திருந்தது. கயிறு அதற்குப் பின்னால் தரையில் கேட்பாரற்றுக் கிடந்தது. நாச்சியார் எங்கே? கழுத்தைத் திருப்பாமல் தேடினான், பலகையில் இல்லை, பீரோ தெரியவில்லை, செத்துக் கிடக்கிறதா, அவள் மடியில் மூடி வைத்திருக்கிறாளா, தலையணை, தலையணைக்கு அடியில். "உங்க காலுகிட்ட" என்றாள். நீட்டிய காலின் அந்தக் கடைசியில், பாதத்துக்கு ஒரு முழம் தள்ளி, வெயிலின் ஓரமாக நாச்சியார் கால்களை மடக்கி ரொட்டி மாதிரி உட்கார்ந்து, நாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. நாய் அதைப் பார்த்தது. பார்த்துவிட்டுத் திரும்பியது. ஈரல் கொடுக்க யாரும் கை நீட்டவில்லை, கொடுக்காமலேயே திரும்பியது.

"எம்புட்டு நேரம்?" என்றான். "ஆச்சு, அது ஆச்சு." "கயிறு விழுந்ததுமே எழுப்பியிருக்கணும்லா." "எழுப்புனா கயித்த இழுப்பீங்க." "எழுப்பியிருக்கணும்!" சத்தம் வந்துவிட்டது. ஒரு மாதமாக இந்த வீட்டில் வராத சத்தம், இவன் வாயிலிருந்து. நாச்சியார் எழுந்து நின்றது, முதுகு வில்லாக வளைந்தது. வருக்கி தலையைத் தூக்கியது. தங்கபுஷ்பம் தலையணையை மட்டும் இரண்டுக்கும் நடுவில் மெதுவாகத் தரையில் வைத்தாள், வைத்துவிட்டு அவள் பாட்டுக்கு உட்கார்ந்திருந்தாள். மின்விசிறி ஏழெட்டுச் சுற்று கிறீச்சிட்டது. நாச்சியார் உட்கார்ந்தது. வருக்கி பெருமூச்சு விட்டுத் தாடையைத் தரையில் போட்டது. அதற்குப் பிறகுதான் அவள் பேசினாள், அதே தாழ்ந்த குரலில், பிள்ளை தூங்குகிற இடத்தில் பேசுகிற மாதிரி. "நீங்க தூங்கிருவீங்கன்னு தெரியும். அதுக்குத்தான் இந்த நேரத்த வச்சேன். ஒரு மாசமா கதவு இடுக்குல பாத்துக்கிட்டுத்தான இருக்கேன். நீங்க முழிச்சிருக்கையில உங்க நாய்க்கு இருப்பே கெடையாது, நீங்க எந்தப் பக்கம் திரும்புதீங்களோ அந்தப் பக்கம் அதுக்கும் பயம். நீங்க தூங்குனா அது வந்து முதுகக் குடுத்துப் படுக்கும். அப்புறம் தெருவுல கொட்டு அடிச்சாலும் எந்திரிக்காது. உங்கள எழுப்பிரப்பிடாதுன்னு வாயத் தெறக்காது. ஒரு தெரு நாய் வாசல் கேட்டுக்குள்ள வந்து நின்னுச்சு ஒருநாளு, பல்ல மட்டும் காட்டிச்சு, சத்தம் இல்ல." பூனையைக் கண்ணால் காட்டினாள். "நாச்சியாரு கிட்ட போயி மூக்குல ஒண்ணு குடுத்தா. அது உங்களப் பாத்துச்சு. நீங்க கொறட்ட விட்டீங்க. சரின்னு படுத்துட்டு."

தான் தூங்கும்போது வீட்டில் என்ன நடக்கிறது என்று இதுவரை யாரும் இவனுக்குச் சொன்னதில்லை. கண்ணில் தண்ணீர் வந்தது, மைதா தூசிதான் என்று துடைத்தான், துடைக்கத் துடைக்க வந்தது. "சொர்ணமும் எழுப்பல" என்றான். அவளுக்குத் தெரியும், அண்ணன்காரன் சொல்லியிருப்பான், இருந்தாலும் இவன் வாயால் சொன்னது இதுதான் முதல் தடவை. தங்கபுஷ்பம் சேலை முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். "அவங்க எழுப்பாதது வேற, நான் எழுப்பாதது வேற. அவங்க தங்கம். நான் அப்படி இல்ல. எனக்கு ஒரு தலவலின்னா இந்தத் தெருவையே கூட்டிருவேன், பாத்திரத்த எடுத்து உங்க தலையில போட்டு எழுப்பிருவேன். பயப்படாதீங்க." சிரிக்கவில்லை அவள், சத்தியமாகவே சொன்னாள். இவனுக்குத்தான் சிரிப்பு வந்தது, அழுகைக்கு நடுவில் மூக்கை அடைத்துக்கொண்டு, சத்தம் போடாமல் சிரிக்க வேண்டியிருந்தது, முழங்காலில் முதுகைக் கொடுத்து ஒருவர் படுத்திருக்கிறாரே. "அப்ப அந்த ரூமு?" என்று கேட்டான். "எந்த ரூமு?" "அண்ணன் வீட்டுப் பக்கத்துல." அவள் புருவத்தைத் தூக்கினாள். "போன ஒட்டுக்கேக்கவும் தெரியுமோ உங்களுக்கு? ஆளே இல்லாத மாதிரி இருந்துக்கிட்டு." எழுந்தாள். எழும்போது முழங்கால் சொடுக்கியது, ஒரு கையைத் தரையில் ஊன்றி எழுந்தாள், இத்தனை நேரமும் அசையாமல் உட்கார்ந்திருந்த கால். தலையணையை எடுத்துத் தட்டினாள். "வேண்டாம்னு சொல்லிருதேன். இங்க வெயில் வந்துட்டு, மிச்சத் தூக்கத்த உள்ள போயித் தூங்குங்க. கட்டில்ல சுவரோரம் என் எடம், அத விட்டுட்டு" என்று சொல்லி, தலையணையை இவன் நெஞ்சில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

பலவேசம் தலையணையைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். வருக்கியும் எழுந்து உடம்பை உதறிக்கொண்டது, கயிறு அதன் பின்னால் இழுபட்டது. இரண்டு பேருமாக உள்ளறைக் கதவுவரை போனார்கள். இந்த வீட்டுக்குக் குடிவந்து எத்தனை வருஷம், அந்த நிலைப்படியைப் புதிதாகப் பார்க்கிற மாதிரி இருந்தது. அவர்களுக்கு முன்னால் நாச்சியார் போய் நிலைப்படியின் நட்டநடுவில் உட்கார்ந்துவிட்டிருந்தது. வாலைச் சுற்றிக் காலடியில் வைத்துக்கொண்டு, முதலில் இவனைப் பார்த்தது, பிறகு நாயைப் பார்த்தது. தாண்டிப் போகலாம், ஒரு காலை அகட்டி வைத்தால் போதும். இவன் தாண்டவில்லை. நாயும் தாண்டவில்லை, இவன் காலோரமாகவே பின்னங்காலை மடக்கி உட்கார்ந்தது. அடுப்படியில் குழாய் ஓடும் சத்தம் நின்றது. "இன்னும் படுக்கலியா?" என்று அங்கிருந்து கேட்டாள். "நீ வா, புஷ்பம்" என்றான் பலவேசம், "நாச்சியாரம்மா வழி விடணும்லா."